துவக்கு வீட்டுக் காவல்

மங்களேஸ்வரிக்கு அந்த வேலை கிடைத்தபோது அவளுடைய சிநேகிதிகளில் ஒருத்திகூட நல்லது என்று வாய் திறக்கவில்லை. "துவக்கு வைச்ச வீட்டிலையோ?" என்றுதான் கேட்டார்கள். எல்லோரும் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள். கேட்டதில் பிழையில்லை.

ஒஸ்லோவில் புருசெத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே ஒரு மேட்டில் நிற்கிறது அந்தச் செங்கல் கட்டடம். ராணுவம் தன் துவக்குகளைப் பூட்டி வைப்பதற்காக ஒரு காலத்தில் கட்டியது. கீழே தூண் ஒன்றுமில்லாத பெரிய மண்டபம். மழைக்காலத்தில் சிப்பாய்கள் அணிவகுத்துப் பழகிய இடம். மேல்தளத்தின் பாரத்தைக் கூரையிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிகள் தாங்குகின்றன. அங்கே ஏறிப் போனால் நீளநீளமான மரச்சட்டங்கள். சட்டம் நெடுகிலும் துவக்குக் குழல் சாய்ந்து நிற்பதற்கு வெட்டிய பள்ளங்கள். துவக்குகள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பள்ளங்கள் மட்டும் பல்லு விழுந்த ஈறு மாதிரி இருக்கின்றன.

மேல்தளத்துக்கு யன்னல் கிடையாது. சுவரும் ஒன்றல்ல, இரண்டு. வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெளியே இருக்கும் காற்றுவாய்களால் காற்று உள்ளே புகுந்து, அந்த இடைவெளியில் ஏறி, கூரையடியில் வெளியேறும். துவக்கில் கறள் பிடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. காற்றுவாய் ஒவ்வொன்றுக்கும் இரும்பு மூடி உண்டு; திறந்தால் உட்சுவர் இடுக்குகளால் கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். காய்ந்த நாளில் மூடியைத் திறக்க வேண்டும், மழை வந்தால் அடைக்க வேண்டும். அதற்கான கம்பிகளை மேல்தளத்தில் நின்றுதான் இழுக்க முடியும். அங்கே நிற்பவனுக்கு வானம் தெரியாது. சுவரும் கூரையும் அவ்வளவு தடிப்பு என்பதால் மழைச் சத்தமும் எட்டாது.

இப்போது அந்தக் கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியக் குழு அங்கே பழகும். வயோதிபர்களுக்கு உடற்பயிற்சி நடக்கும், சோமாலியர் கலியாணம் நடக்கும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பழைய சாமான் சந்தை போடுவார்கள், தேர்தலில் வாக்குப்பெட்டி வைப்பார்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. எல்லாவற்றுக்கும் திறப்புக் கொத்து மங்களேஸ்வரியின் கையில். நோர்வேக்காரர் 'வக்த்மெஸ்தர்' என்று சொல்லும் கட்டடப் பொறுப்பாளர் அவள்தான்.

இருட்டுக்கும் தனிமைக்கும் அவள் பயந்தவளல்ல. இருபத்து மூன்று வயதில் தனியாக வந்து இறங்கியது வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில். குளிர்காலம் முழுக்கச் சூரியன் எட்டிப் பார்க்காத ஊர். மீன் ஆலையில் வெள்ளை விளக்கின் கீழே நின்று துண்டம் துண்டமாக முள் தேடியவள். இரத்தினவேலைக் கண்டு கலியாணம் முடித்ததும் அங்கேதான். மகள் கம்சிகா பிறந்த பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார்கள். அவள் பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கினாள், அவர் பஸ் ஓட்டினார். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு எழும்பவில்லை. மகள் படித்து பேர்கனில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் சும்மா இருந்தால் விசர் பிடிக்கும் என்றுதான் மங்களேஸ்வரி இந்த வேலைக்கு மனுப்போட்டாள்.

முதல் இலையுதிர் காலத்தில், ஒருநாள் காலை, மேல்தளத்தில் கம்பிகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நின்றாள். கீழே ஒருவரும் இல்லை. முன்கதவு பூட்டு.

"வெளியிலை மழையோ பிள்ளை?"

ஆண் குரல். அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. வேலையில் நிற்கும் ஒருவன் இன்னொருவரிடம் கேட்பதுபோல.

"இல்லை, வெளிச்சுப்போச்சு," என்றாள் மங்களேஸ்வரி. நாலு பேர் நடமாடும் இடத்தில் கேள்வி வந்தால் பதில் தானாக வருமே, அப்படி வந்துவிட்டது. அதன் பிறகுதான் எண்ணெய்த் துணி பிடித்த கை அப்படியே நின்றது.

அவள் கத்தவில்லை. எண்ணெய்ப் போத்தலை மெல்லக் கீழே வைத்தாள். சட்டங்களின் பின்னாலும், படிக்கட்டிலும், மண்டபத்திலும், கழிப்பறையிலும், நிலவறையிலும் பார்த்தாள். ஒருவருமில்லை. திரும்ப மேலே வந்தபோது, அவள் இன்னும் தொடாத கிழக்குப் பக்கத்து மூடிகள் திறந்திருந்தன. அவற்றின் இடுக்குகளால் காய்ந்த காற்று வந்து அவள் கழுத்தில் பட்டது.

அன்று முழுவதும் அவளை அரித்தது குரல்கூட அல்ல. அந்தப் பேச்சு. அவள் புங்குடுதீவுக்காரி. குரலில் கேட்ட அந்தத் தீவு இழுவை ஒஸ்லோவில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருடைய குரலுமல்ல அது. செத்துப்போன ஒருவருடைய குரலுமல்ல. இரத்தினவேலாக இருந்திருந்தால் அழுதிருப்பாள். இது முன்பின் தெரியாத ஒருவன்.

பிறகு அது அடிக்கடி கேட்டது. அவள் தனியாக மேலே நிற்கும்போது மட்டும், பகலில் மட்டும். ஒருதரம் கேட்கும், பதில் சொன்னால் அடங்கிவிடும். "ஆர் அது?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பதிலில்லை. "என்ன வேணும் உங்களுக்கு?" என்றும் கேட்டாள். அதற்கும் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தமிழ் வகுப்பை அங்கே கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. துவக்கு வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று நின்ற தாய்மாரை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவள் அவள். சுவர் கதைக்கிறது என்று தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் கதிரைகள் மட்டுந்தான் இருக்கும்.

நாள் போகப் போக அது பழகியும் போனது. காலையில் மேலே ஏறும்போதே வானத்தைப் பார்த்துக்கொள்வாள். "தூறுது, திறக்க வேண்டாம்" என்பாள். "நல்ல வெய்யில்" என்பாள். சில நாட்களில் அவள் ஒருவரோடு கதைக்கும் தமிழ் அது மட்டுமாகவே இருந்தது.

இரண்டாம் வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. கீழே வயோதிபர்களின் உடற்பயிற்சி தொடங்கியிருந்தது. மேலே ஒரு மின்விளக்கு மாற்றப் போனவளுக்கு பேர்கனிலிருந்து கம்சிகாவின் அழைப்பு வந்தது. மகளுக்கும் அவளோடு இருந்த பெடியனுக்கும் ஒத்துப்போகவில்லையாம், வீட்டை விட்டு வெளிக்கிடப் போகிறாளாம். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"வெளியிலை மழையோ பிள்ளை?"

"இல்லை, இல்லை," என்றாள் மங்களேஸ்வரி எரிச்சலோடு, போனைக் கையால் பொத்திக்கொண்டு. வெளியே பார்த்து அரை மணித்தியாலத்துக்கு மேலிருக்கும்.

கீழே வந்தபோது உடற்பயிற்சிக்காரர் எல்லோரும் கையைத் தூக்கியபடி மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரின் உட்பக்கத்தால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் கசிவதல்ல. சுவர் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, சத்தமில்லாமல். அவள் படிகளில் ஓடினாள். அன்று காலை தன் கையால் அடைத்த மூடிகள், மேற்குப் பக்கத்து அத்தனையும், ஆவென்று திறந்து கிடந்தன. காற்றோடு அடித்த மழை நேராக உள்ளே ஊற்றியது. திறந்து ஒரு நிமிஷமும் ஆகியிராது. ஆனாலும் சட்டங்களின் பள்ளங்கள் எல்லாம் விளிம்புவரை நிரம்பியிருந்தன.

அவள் கம்பிகளை இழுத்து அடைத்துவிட்டுத் திரும்பியபோது, படிக்கட்டின் தலைமாட்டில் கேர்ட் நின்றாள். எண்பது வயதைத் தாண்டிய நோர்வேக்காரி. புதன்கிழமை தவறாமல் வருபவள். கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.

"பிழையாகப் பதில் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டாள் கேர்ட்.

மங்களேஸ்வரி அந்த ஈரப் பலகையிலேயே குந்தி இருந்துவிட்டாள்.

ராணுவம் கடைசியாக இதை வைத்திருந்த காலத்தில் கேர்ட்டின் தகப்பன்தான் இங்கே பொறுப்பாளராம். அவரும் ஒருமுறை பிழையாகச் சொல்லியிருக்கிறார். இதே மாதிரி ஆனதாம். அதன் பிறகு மேலே ஏறுமுன் வாசலில் கையை நீட்டி மழையைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

"அவரிட்டை அது எந்தப் பேச்சிலை கேட்டது?" மங்களேஸ்வரி தன்னையறியாமல் தமிழில் கேட்டு, பிறகு நொர்ஸ்க் மொழியில் திருப்பிக் கேட்டாள்.

"அப்பா தோத்தெனிலிருந்து வந்தவர். அந்த ஊர்ப் பேச்சில்தான். தன் அயல் வீட்டுக்காரன் கதைப்பதுபோல இருக்கிறது, ஆனால் ஆளைத் தெரியவில்லை என்பார்." கேர்ட் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். "உன்னிடம்?"

"எங்கடை ஊர்ப் பேச்சிலை."

சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யார் அவன்?" என்றாள் மங்களேஸ்வரி.

"காவலாளி என்று அப்பா சொல்வார். உள்ளே நிற்பவனுக்கு வானம் தெரியாது, யாரிடமாவது கேட்டுத்தானே ஆகவேண்டும் என்பார். பெயர் தெரியாது. அப்பா அவனைப் பற்றிப் பகிடி பண்ண எங்களை விட்டதில்லை."

அடுத்த தைமாதம் கவிசன் வந்தான். நகரசபை அனுப்பிய கட்டடப் பொறியியலாளன்; ஒஸ்லோவின் ரொம்மனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன். நல்ல மரியாதை தெரிந்தவன். அவன் சொன்ன காரணத்தை மறுத்துப் பேச முடியவில்லை. கீழே நெருப்புப் பிடித்தால் இரட்டைச் சுவரின் இடைவெளி புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பிள்ளைகள் வெளியே ஓட முன்னரே கூரை எரியும். "இடைவெளியை ஐசொலஷூன் போட்டு நிரப்ப வேணும் அன்ரி. இல்லாட்டி கட்டடத்தைப் பூட்டச் சொல்லிப்போடுவினம்," என்றான். பஞ்சுபோன்ற தூளைக் குழாயால் ஊதிச் சுவரை அடைக்கும் வேலை.

சுவருக்குள் பார்க்க அவன் ஒரு துளையால் கமராக் குழாயை விட்டான். கையடக்கத் திரையில் செங்கலும் தூசும் ஊர்ந்தன. மங்களேஸ்வரியும் எட்டிப் பார்த்தாள். ஒரு பூனைகூட நுழைய முடியாத இடுக்கு. அவள் கீழே போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தபோது கவிசன் சுவரை விட்டு நாலு முழம் தள்ளி நின்றான். குழாய் நிலத்தில் கிடந்தது.

"அன்ரி, உங்களோடை வேறை ஆரும் வேலை செய்யினமோ?"

"இல்லை. ஏன்?"

"ஆரோ மழையோ எண்டு கேட்டமாதிரி இருந்தது."

"எந்தப் பாஷையிலை கேட்டது?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, யோசித்தான். "தெரியேல்லை அன்ரி," என்றான். "ரெண்டிலையும் எண்டு நினைக்கிறன்."

"பதில் சொன்னனீரோ?"

"இல்லை."

"வெளியிலை சினோப் பனி கொட்டுது," என்று மங்களேஸ்வரி சுவரைப் பார்த்துச் சொன்னாள். கவிசன் குழாயைச் சுருட்டினான். கோப்பியைக் குடிக்கவில்லை. ஆனால் வேலையை அவன் கைவிடவும் இல்லை, கைவிடவும் முடியாது. சித்திரையில் வேலைத் திகதி வந்தது: மே பதினெட்டாம் திகதி காலையில் ஆட்கள் இறங்குவார்கள்.

மங்களேஸ்வரிக்கு அதே யோசனைதான். இடைவெளி இல்லாவிட்டால் திறக்கவும் அடைக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் அதை அந்தக் காவலாளிக்கு யார் சொல்வது? தூள் வந்து மூடும்போதும் மழையோ என்று கேட்டுக்கொண்டு நிற்பானோ? அவள் கேர்ட்டின் வீட்டுக்குப் போனாள். "போகச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"காவலில் நிற்பவனைப் போகச் சொல்ல முடியாது," என்றாள் கேர்ட். "அப்பா ராணுவத்தில் இருந்தவர். இன்னொரு ஆள் வந்து பொறுப்பெடுத்தால்தான் அவன் இடத்தை விட்டு அசைவான்." பிறகு மங்களேஸ்வரியின் முழங்கையைப் பிடித்தாள். "நீ யோசித்துச் செய்."

மே பதினேழு நோர்வேயின் தேசிய நாள். பாண்ட் குழுப் பிள்ளைகள் விடியவே வாத்தியங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒஸ்லோ முழுவதும் கொடியோடு தெருவில் நின்றது. துவக்கு வீட்டைச் சுற்றி ஒரு சனமில்லை. நல்ல வெய்யில். மங்களேஸ்வரி நல்ல சீலை ஒன்று உடுத்து வந்து, முன்கதவை அகலத் திறந்து கல் வைத்து நிறுத்திவிட்டு மேலே ஏறினாள்.

வெகுநேரம் நின்றாள். திறந்த கதவின் வழியே தூரத்தில் எங்கோ ஊர்வலத்து மேளம் கேட்டது.

"வெளியிலை மழையோ பிள்ளை?"

"மழையில்லை. வெய்யில்," என்றாள். "இனி நான் பாக்கிறன். நான்தான் இஞ்சை பொறுப்பு. நீங்கள் போங்கோ."

ஒன்றுமில்லை. மேளச் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு மேற்கு மூலையில் ஒரு மூடி 'டக்' என்று அடைபட்டது. அதற்குப் பக்கத்து மூடி. அதற்கடுத்தது. ஒருவன் சுவர் நெடுக நடந்து ஒவ்வொன்றாய்ச் சரிபார்ப்பதுபோல, அவசரமில்லாமல், வடக்குச் சுவர் சுற்றி, கிழக்குச் சுவர் சுற்றி, அவள் நின்ற இடம்வரை வந்தது. கடைசி மூடி அடைபட்டதும் மேல்தளம் கும்மிருட்டாயிற்று. அந்த இருட்டில் அவளுக்கு நேர் முன்னால் யாரோ நின்றார்கள். மூச்சில்லை, மணமில்லை. எண்ணெய் பூசிய இரும்பைக் கன்னத்தருகே பிடித்தால் வரும் குளிர் மட்டும் வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. குளிர் விலகியது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் இறங்கியது. மண்டபப் பலகைகள் ஒவ்வொன்றாய்க் கிறீச்சிட்டன. வாசலில் அது சற்று நின்றது. அதன் பிறகு வெளியே சரளைக் கல்லில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மங்களேஸ்வரி தடவித் தடவிக் கீழே வந்தாள். வாசலில் வெய்யில் விழுந்து கிடந்தது. அவள் படியில் குந்தியிருந்து அழுதாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் ஆட்கள் வந்தார்கள். ஆனி மாதத்துக்குள் சுவர் நிரம்பிவிட்டது. பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால், கூரை முகட்டுப் பக்கம் ஒரேயொரு காற்றுவாயை மட்டும் மூடியோடு விட்டுவைத்தார்கள். சுவர் அதன் பிறகு பேசவில்லை. வெறும் சுவர்.

மாற்றம் மங்களேஸ்வரியில்தான் வந்தது. மழை தொடங்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும். புருசெத் வீட்டில் யன்னல் சீலையை இழுத்துவிட்டுச் சமைத்துக்கொண்டு நிற்கும்போது கை நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் முதல் துளி விழுந்துகொண்டிருக்கும். ஆடியில் கம்சிகாவிடம் பேர்கனுக்குப் போனாள். ஒரு கிழமை நிற்கப் போனவள் மூன்றாம் நாளே வெளிக்கிட்டாள். பேர்கனில் மழை விடுவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததுதான். அவளைத் தூங்க விடாமல் செய்தது அந்த மழையல்ல. ஒஸ்லோவில் என்ன வானமோ என்ற யோசனை. "உங்களுக்கு என்னம்மா நடந்தது?" என்று மகள் கேட்டாள். "வீட்டு யோசனைதான் பிள்ளை," என்றாள். எந்த வீடு என்று சொல்லவில்லை.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. சுரங்க ரயில் இடையில் நின்றுவிட்டதால் மங்களேஸ்வரி வழமையைவிடப் பிந்தி வந்தாள். தமிழ் வகுப்பு ஆசிரியை அஜந்தாவிடம் இன்னொரு திறப்பு இருந்தது. அவள் கதவைத் திறந்து பிள்ளைகளை இருத்தி, பாடமும் தொடங்கியிருந்தாள்.

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்து அஜந்தா வாய் பிளந்தாள். "அக்கா, நீங்கள் எப்ப வெளியிலை போனனீங்கள்?"

"இப்பதானே வாறன்."

"மேலை நிண்டு கேட்டனீங்கள்தானே, வெளியிலை மழையோ பிள்ளை எண்டு."

மங்களேஸ்வரி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சரிந்து விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தாள். "என்ரை குரலோ?"

"உங்கடை குரல்தான். எனக்குத் தெரியாதே?" அஜந்தா சிரித்தாள். சிரிப்பு அரைவாசியில் நின்றது. "ஏனக்கா?"

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் அக்கா, தூறத் தொடங்கீட்டுது எண்டனான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்," என்றாள் மங்களேஸ்வரி.

அவள் மேலே ஏறினாள். முதல்நாள் பின்னேரம் நல்ல காற்று வீசியதால் முகட்டுக் காற்றுவாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது அடைத்திருந்தது. கொளுக்கியும் போட்டிருந்தது. கொளுக்கியைப் போட்டுவிட்டு ஒருதரம் இழுத்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம்; இழுத்த அடையாளமாய் இரும்பில் தூசு அழிந்திருந்தது. அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தன. நுனிகளில் மட்டும் தூசு.

பயம் வரும் என்று காத்து நின்றாள். வரவில்லை. கீழே பிள்ளைகள் ஒருமித்து எழுத்துக்களைச் சொல்லும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் அவள் மகளுக்குப் போன் எடுத்தாள். "தீபாவளிக்கு ரிக்கெற் போடாதை பிள்ளை. நான் வரேல்லை."

"ஏனம்மா? வாறன் எண்டு சொன்னனீங்கள்."

"நீ இஞ்சை வா. நான் வெளிக்கிட ஏலாது. இஞ்சை ஒரு ஆள் நிக்க வேணும்."

"லீவு போட்டால் வேறை ஆளைப் போடுவினம்தானே," என்றாள் கம்சிகா.

மங்களேஸ்வரி எட்டி வானத்தைப் பார்த்தாள். "அப்பிடி லேசா ஆள் போட ஏலாது பிள்ளை," என்றாள்.